நாற்பத்தொரு மீனைத் தவறவிட்ட ஆர்லா

ஆர்லா பென்ரோஸுக்குப் பிறக்கும்போதே பொறுமை கிடையாது. அவள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போன மரலாரி ஆஸ்பத்திரியை எட்ட இன்னும் மூன்று மைல் இருக்கையிலேயே வெளியே வந்துவிட்டாள். லாரியை ஓட்டிய அவள் அப்பா, "கொஞ்சம் விட்டிருந்தா நடந்தே போயிருப்பா" என்று சொன்னதாக எங்கள் கட்லர் ஃபெரியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு நான் கிளப்பிவிட்டது. மூன்று மைல் மட்டும் நிஜம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் இருபத்தாறு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டுகிறாள். ஒரு மூடுபனிக் காலையில் அவள் கிளம்பிய வேகத்துக்கு, ஒரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் இன்னும் வந்து நிற்கவில்லை. காலி பஸ்ஸோடு பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினாள். "பிள்ளைங்க எங்கம்மா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "அவங்க லேட்டு" என்றாள்.

தேவாலயத்தில் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்கு ஒரு வரி முன்னாலேயே "ஆமென்" சொல்லிவிடுவாள். பாதி சபை அவள் பின்னால் போய்விடும். மீதிப் பாதி மரியாதைக்குக் கர்த்தரோடு நிற்கும்.

இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது வெண்டல் பென்ரோஸை. வெண்டலுக்கு நெடுஞ்சாலைத் துறையில் வேலை. ரோடு போடுகிற இடத்தில், ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாகப் போ' என்று எழுதிய பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அந்த வேலை. அந்த வேலைக்கென்றே செய்து இறக்கிய ஆள் அவன். ஒரு நாள் பஸ்ஸைப் பதினோரு நிமிஷம் நிறுத்திவைத்துவிட்டான். ஆர்லா இறங்கிப் போய்ச் சண்டை போட்டாள். அவன் பலகையைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க கண்ணு நல்லா இருக்கு" என்றான். மூன்றாவது வாரம் கல்யாணம். அவசரம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஓடியது. ஒரு வசந்தத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே, "நாம பிரிஞ்சிரலாமா வெண்டல்?" என்று கேட்டாள். அவன் அக்டோபரில் "சரி" என்றான்.

வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, துவைக்கும் இயந்திரம் அவளுக்கு என்று எல்லாம் சுமுகமாகப் பிரிந்தது. விவாகரத்துக்குப் பிறகும் அவள் பென்ரோஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டாள். பெயர் மாற்றும் அலுவலகத்தில் வரிசை நீளம், அதனால். பிரியாமல் நின்றது பிக்கிள் மட்டும்தான். பிக்கிள் ஒரு பழுப்பு நிற நாய், ஒன்றரைக் காது. மீதி அரைக் காதை ஒரு ரக்கூனிடம் விட்டுவிட்டது. ஆர்லா யாருக்காவது காத்திருந்தாள் என்றால் அது இந்த நாய்க்குத்தான். அது மூத்திரம் போக இடம் தேடி எத்தனை மரத்தைச் சுற்றினாலும் வாயைத் திறக்காமல் நிற்பாள். வெண்டலுக்கோ, தான் பேசி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அது. நீதிபதி, "நாயை நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

பேசித் தீர்க்கிற ஜோடியாக இருந்தால் ஏன் பிரிகிறார்கள்? ஆர்லா ஒரே மூச்சில் சொன்னாள்:

"இந்தச் சீசன்ல கெட்டில் மடுவுல யார் முதல்ல ஸ்டீல்ஹெட் பிடிக்கிறாங்களோ, நாய் அவங்களுக்கு. இறகுத் தூண்டில் மட்டும். சம்மதமா?"

அன்று மட்டும் வெண்டல் அக்டோபர் வரை காத்திருக்கவில்லை. "சம்மதம்" என்றான்.

ஊரே தலையில் அடித்துக்கொண்டது. காரணம் சொல்கிறேன்.

ஸ்டீல்ஹெட் எங்கள் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்து, குளிர்கால மழையில் முட்டையிட மறுபடி ஆறேறி வருகிற மீன். வரும்போது அதற்குப் பசியே இருக்காது. பசியில்லாத ஒன்றின் மூக்குக்கு முன்னால், கோழியிறகு கட்டிய முள்ளை ஆட்டி, எரிச்சலூட்டி வாயைத் திறக்கவைப்பதுதான் இந்த வேலை. இதற்காக எழுதப்படிக்கத் தெரிந்த மனிதர்கள் பிப்ரவரி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பைத்தியம் என்று சொல்லமாட்டேன். பாதிப் பேர் என் மாணவர்கள்.

ஆற்றுக்குக் குறுக்கே நூலை வீச வேண்டும். வெள்ளம் இறகை வளைத்து இழுத்துக் கரையோரம் கொண்டுவரும். இரண்டு எட்டு கீழே இறங்கி, மறுபடி வீச வேண்டும். எவ்வளவு பேர் வந்தாலும் மடுவின் தலைப்பில்தான் இறங்க வேண்டும். முன்னால் போகிறவருக்குக் கீழே போய் நிற்பவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்கமாட்டார்கள். இதெல்லாம் ஆர்லாவுக்கும் வரும். வராதது ஒன்றுதான். மீன் இறகைக் கவ்வி இழுக்கும்போது ஒன்றுமே செய்யக் கூடாது. கோலைத் தூக்கக் கூடாது. மீன் தானாகத் திரும்பி ஓடி, முள் வாயின் ஓரத்தில் போய் மாட்டிக்கொண்டு, கோலில் நூல் சுற்றியிருக்கிற ரீல் அலறுகிறவரை சும்மா நிற்க வேண்டும். இழுப்பு தெரிந்ததும் கோலை வெடுக்கென்று தூக்கினால், முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

இந்தக் குளிர்காலத்தையும் சேர்த்து ஒன்பது குளிர்காலத்தில் ஆர்லாவை நாற்பத்தொரு மீன் இழுத்திருக்கிறது. நாற்பத்தொரு முறையும் தூக்கினாள். கரைக்கு வந்தது பூஜ்யம். வெண்டல் அதே காலத்தில் பத்தொன்பது பிடித்தான். சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது ஒரு வித்தையா?

ஆர்லா எல்லா வைத்தியமும் பார்த்தாள். முழங்கையை நாய்க்கயிற்றால் இடுப்போடு கட்டிப்பார்த்தாள். மீன் இழுத்ததும் முழு உடம்போடு துள்ளினாள். கையில் பச்சை முட்டையை வைத்துக்கொண்டாள். முட்டையும் போயிற்று, மீனும் போயிற்று, கோட்டுக் கையை மட்டும் நான்கு முறை துவைத்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். "இழுப்பு வந்ததும் பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள்ள சொல்லு, முடிஞ்சப்புறம் கோலைத் தூக்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பதினேழு பதினேழு என்பதைத் தாண்டி அவள் போனதில்லை.

பந்தயத்துக்குச் சாட்சி நான்தான். பான்கேக் கடையில், தட்டுக்கு அடியில் போடுகிற காகிதத்தின் பின்பக்கம் ஒப்பந்தத்தை என் கையால் எழுதினேன். "முதல் மீனின் வாலை எவர் கை பிடிக்கிறதோ, அவருக்குப் பிக்கிள்." எங்கள் ஆற்றில் வாலைப் பிடித்தால்தான் மீன் பிடித்ததாக அர்த்தம். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் வாய்ப்பேச்சு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெண்டல் போடுவதற்குள் என் காபி ஆறிவிட்டது.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து சனி, ஞாயிறு தவறாமல் கெட்டில் மடுவின் கரையில் மடக்கு நாற்காலி, குடை, ஃபிளாஸ்க், பிக்கிள் சகிதம் உட்கார்ந்தேன். பந்தயம் முடியும்வரை பிக்கிளுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. மழை பெய்யும். சில நாள் படுக்கை வாட்டத்தில் பெய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை எவ்வளவு கனத்தது என்றால், ஆற்றிலிருந்து ஒரு மீன் எழும்பி, மழையிலேயே நாலு முழம் மேலே நீந்திப் போய்விட்டுத் திரும்பி வந்தது. சாட்சி நானும் நாயும்தான். நாய் மறுக்கவில்லை.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இல்லை, ஆர்லாவின் கணக்கில் முப்பத்தொன்பது நாற்பதானது, நாற்பது நாற்பத்தொன்றானது.

ஏழாவது சனிக்கிழமை மழை ஓய்ந்து, ஆறு இறங்கி, தண்ணீர் கண்ணாடிப் புட்டி மாதிரிப் பச்சையாக நின்றது. அப்படிப்பட்ட நாளில் பல் டாக்டரே கடையைப் பூட்டிவிட்டு ஆற்றுக்கு வந்துவிடுவார். அன்று முதலில் இறங்கும் முறை ஆர்லாவுடையது. இரண்டு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் நாலு எட்டு வைத்து, அரை மணி நேரத்தில் மடு முழுவதையும் சீவித் தள்ளிவிட்டு, அடியில் கரையேறி என்னிடம் வந்தாள்.

"மீனே இல்ல டீச்சர்."

"இருந்தாலும் உன்னைப் பார்த்திருக்காது. நீ போன வேகத்துக்குக் காத்துன்னு நினைச்சிருக்கும்."

"உங்களுக்கு எப்பவும் கிண்டல்" என்று நாயின் அரைக் காதைத் தடவினாள். "நேத்து ராத்திரி இவன் சாப்பிட்டானா?"

"ரெண்டு தட்டு."

"என் வீட்டுல ஒரு தட்டுதான் சாப்பிடுவான்" என்றாள், ஏக்கமாக.

அவளுக்குப் பின்னால் வெண்டல் வந்துகொண்டிருந்தான். ஒரு வீச்சு, ஒரு பெருமூச்சு, இரண்டு எட்டு. நடு மடுவில் ஒரு பெரிய பாறை முங்கிக் கிடக்கிறது. அதன் பின்னால் இறகு வளைந்து வந்தபோது, நூல் நின்றது.

வெண்டல் ஒன்றும் செய்யவில்லை. அதை எப்படிச் சொல்வது? சிலர் பாடுவார்கள், சிலர் ஆடுவார்கள். வெண்டல் ஒன்றும் செய்யமாட்டான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ரீல் மெதுவாக முனகியது, பிறகு கத்தியது, பிறகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளிக் கட்டை மேலே எழும்பி விழுந்தது. என் கணுக்காலிலிருந்து இடுப்புவரை இருக்கும்.

ஆர்லாவின் முகத்தை நான் பார்த்தேன். பிறகு நாயைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மீன் இரண்டாவது முறை எழும்பி, மடுவை விட்டே கீழே இறங்கி, வெள்ளைத் தண்ணீருக்குள் பாய்ந்தது. கெட்டில் மடுவுக்குக் கீழே இருநூறு கஜத்துக்கு ஒரே பாறையும் நுரையும்தான். அதற்குள் போன மீனை நின்ற இடத்திலிருந்து இழுக்க முடியாது. கூடவே ஓட வேண்டும். ரீலில் இருந்த நூல் கரைந்துகொண்டே வந்தது. வெண்டல் நின்றான்.

"ஓடுய்யா!" என்று ஆர்லா கத்தினாள்.

"பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றான் வெண்டல்.

"என்னத்தைப் பார்த்துக்கிட்டிருக்க? அது பசிபிக் சமுத்திரத்துக்குப் போயிரும்! காலை எடுத்து வை!"

"வழுக்கும் ஆர்லா."

"வெண்டல்! ரீலு காலியாகப்போகுது!"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். இன்னும் பத்து நொடியில் நூல் தீர்ந்து அறுந்திருக்கும். நாய் பத்திரமாகப் பந்தயத்திலேயே இருந்திருக்கும். ஆனால் மாட்டிய மீன் கண்முன்னால் அறுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிற சக்தி எங்கள் ஊர்க்காரர்களுக்கு இல்லை. அது எதிரியின் மீனாக இருந்தாலும் சரிதான். தண்ணீருக்குள் பாய்ந்து, அவன் கையிலிருந்து கோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

ஐம்பத்தொரு வயது. மார்பு வரை ரப்பர் உடுப்பு. இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்த தழும்பு. பாறைக்குப் பாறை தாவினாள். இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் கோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி விழுந்தாள். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் முப்பது வருஷ ஆசிரியப் பணியில் கேட்டதில்லை. இரண்டைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

குடையும் நாயுமாக நான் கரையோடு பின்னால் போனபோது, அவள் கீழ் மடுவின் ஆழமில்லாத ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். மீன் களைத்து, ஒருக்களித்து, அவள் காலுக்கு இரண்டடி தூரத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. முள் வாயின் ஓரத்தில் ஒரு தோல் இழையில் நின்றது. ஒரு வெடுக்குப் போதும், போய்விடும். குனிந்து கையை நீட்டினால் வால்.

அவள் கோலைத் தாழ்த்தி, நூலைத் தொய்யாமலும் இழுக்காமலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"டீச்சர், வெண்டல் எங்க?"

"வந்துக்கிட்டிருக்கான்."

"எங்க வரான்?"

"விழுந்து கிடக்கே ஒரு தேவதாரு, அதுகிட்ட."

"ஓடி வரானா?"

"நடந்து வரான்." எட்டிப் பார்த்தேன். "இப்ப நின்னுட்டான்."

"எதுக்கு?"

"ஷூ கயிறு கட்டுறான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குள் இருக்கிற சைத்தான் சும்மா இருக்கவில்லை. "ஆர்லா, காகிதத்துல யாரு தூண்டில்னு எழுதலை. வாலை யாரு கை பிடிக்குதோன்னுதான் எழுதியிருக்கு. என் கையெழுத்து, எனக்குத் தெரியாதா?"

அவள் பிக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். பிக்கிள் வாலை ஆட்டியது. மீன் ஒரு முறை செவுளை விரித்து மூடியது.

"அது அவன் மீன் டீச்சர்" என்றாள். பிறகு கத்தினாள்: "வெண்டல்! ரெண்டு காலுக்கும் கட்டணுமாய்யா?"

"ஒண்ணு முடிஞ்சுது" என்று மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

ஏழு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு நிமிஷமும் அவள் கை இம்மி அசையவில்லை. வாய் மட்டும் வெண்டலின் கால், கயிறு, அவனைப் பெற்றவள், அவனுக்கு வேலை கொடுத்த நெடுஞ்சாலைத் துறை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டித்தீர்த்தது. வெண்டல் வந்தான். தண்ணீரில் இறங்கினான். குனிந்தான். வாலைப் பிடித்தான்.

மீனின் முதுகுக் கடைசியில் இருக்கிற குட்டித் துடுப்பு முழுசாக இருந்தது. அப்படியென்றால் ஆற்றிலேயே பிறந்த மீன். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெண்டல் முள்ளைக் கழற்றி, மீனின் தலையை வெள்ளத்துக்கு எதிராகப் பிடித்தான். அது மூச்சு வாங்கிக்கொண்டு அவன் விரல்களை உதறிவிட்டுப் போனது. நாங்கள் மூவரும் அது போன இடத்தையே பார்த்தோம்.

"நன்றி ஆர்லா" என்றான்.

"கயிறு இந்தா" என்று என் கையிலிருந்த நாய்க்கயிற்றை வாங்கி அவனிடம் நீட்டினாள். "கேட்டுக்க. காலையில முட்டை போடாத, வயிறு உப்பும். இடி இடிச்சா குளிக்கிற தொட்டிக்குள்ள போய்ப் படுத்துக்குவான், இழுக்காத. தபால்காரரைப் பார்த்துக் குரைச்சா, 'அவரு நம்ம ஆளு'ன்னு சொல்லு, நிறுத்திருவான். ஞாயித்துக்கிழமை மட்டும் வெண்ணெய். ரெண்டு தட்டு வேண்டாம், அது டீச்சர் பழக்கினது. கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"ஆரம்பத்திலேர்ந்து சொல்லவா?"

"போய்யா" என்றாள்.

பிக்கிள் அவன் வண்டியில் ஏறியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே போனது. வண்டி அந்த வளைவைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சின்ன ஜெபக்கூட்டமே நடத்தியிருக்கலாம்.

"வா, வீட்டுக்குப் போகலாம். சூப் வச்சுத் தரேன்" என்றேன்.

"மடு காலியா இருக்கு" என்றாள் ஆர்லா. "காலியான மடுவை விட்டுட்டுப் போவாங்களா?"

நாயைப் பறிகொடுத்தவள் மறுபடி தலைப்பில் போய் இறங்கினாள். வீசுகிறாள், அழுகிறாள், திட்டுகிறாள், இரண்டு எட்டு வைக்கிறாள். கவனமெல்லாம் அவள் கண்ணீரில்தான். அந்த முங்கிய பாறைக்கு நேரே வந்தபோது மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஆறே அதிரும்படி மூக்கைச் சிந்தினாள். அந்த நேரம் பார்த்து மீன் இறகைக் கவ்வியது.

தூக்குவதற்குக் கையில்லை. ரீல் அலறியது. கைக்குட்டை வெள்ளத்தோடு போயிற்று. கால் மணி நேரத்துக்குப் பிறகு, ஆர்லா பென்ரோஸ் தன் வாழ்நாளின் முதல் மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. குட்டித் துடுப்பு வெட்டப்பட்டிருந்தது. அரசாங்கப் பண்ணையில் குஞ்சு பொரித்து அடையாளம் வைத்து விட்ட மீன், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு கல்லை எடுத்து மண்டையில் ஒன்று போட்டாள்.

"டீச்சர், வெண்டல் கிளம்பி எவ்வளவு நேரம் இருக்கும்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"அப்ப எட்டு மைல்கூடத் தாண்டியிருக்க மாட்டான். ஏறுங்க வண்டியில."

என்னை ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் சில வருஷம் உயிரோடு இருக்க ஆசை, போக்குவரத்துப் போலீஸ்காரரும் என் மாணவர்தான். மரம் அறுக்கும் ஆலைக்கு முன்னால் வெண்டலை முந்தி, வண்டியைக் குறுக்கே போட்டு மறித்தாள். ரப்பர் உடுப்போடு இறங்கி, மீனை இரண்டு கையாலும் தூக்கி, அவன் முன்கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். உள்ளே பிக்கிள் தலைகால் தெரியாமல் குரைத்தது.

"நாயைக் கேட்டு வரலை" என்று கத்தினாள். "நாய் உன்னுதுதான், நான் பேச்சு மாற மாட்டேன். இதைப் பாரு! பாரு நல்லா!"

வெண்டல் பார்த்தான். மீனின் தலையிலிருந்து வால்வரை பார்த்தான், மறுபடி வாலிலிருந்து தலைவரை பார்த்தான். பின்னால் இரண்டு மரலாரிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. ஜன்னல் கண்ணாடியை மெதுவாக, முழுவதும் கீழே இறக்கினான்.

"என்னுது பெரிசு" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அவர்கள் இருவரையும் விட்டால், இரண்டு மீனையும் பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஆள் நான்தான். அவனுடையது ஒரு சாணாவது கூடுதல் நீளம். ஊரில் யார் கேட்டாலும் மாற்றித்தான் சொல்லிவருகிறேன்.